புல்லிப் பைத்தியம்

சிலருக்கு சினிமா, சிலருக்கு கிரிக்கெட், எனக்குப் புல்லி. வட்டமாக, நடுவில் துளையும் விளிம்பில் பள்ளமும் உள்ள எதைப் பார்த்தாலும் என் கை தானாக விட்டம் அளக்கும் வெர்னியரைத் தேடும். மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போதுகூட மோட்டார் பக்கத்துச் சக்கரம் எத்தனை அங்குலம், அரைக்கும் பக்கத்துச் சக்கரம் எத்தனை அங்குலம் என்று மனசு வகுத்துக்கொண்டே இருக்கும். மாவு மாற்றி வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்கியதெல்லாம் இந்தக் கணக்கினால்தான்.

நான் கோலார் தங்கவயல்காரன். பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே சக்கரம் தெரிகிற ஊர் எங்களுடையது. சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்ட்டுக்கு மேலே இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஜோடிச் சக்கரம், சுரங்கம் ஓடிய காலத்தில் அவற்றின் மேல் ஏறி இறங்கிய ரோப்பு. ‘கே.ஜி.எஃப்.’ படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சயனைட் மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அடப்பாவிகளா, கொஞ்சம் தலையைத் தூக்கி அந்தச் சக்கரங்களைப் பாருங்கள் என்று கத்தத் தோன்றும்.

ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது லாரி சமாச்சாரம். ஷார்ஜாவில் வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒருநாள் லிஃப்டில் ஏறி நின்றது ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 1999-லிருந்து 2004 வரை வந்த பிக்கப். 5.4 லிட்டர் வி8 இன்ஜின், அதன் தலையில் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர். முதலில் 360 குதிரைத் திறன், 2001-லிருந்து 380. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி வைத்த வண்டிக்கு இவ்வளவு சக்தி என்று கேட்டவுடனேயே எனக்கு வாயெல்லாம் பல். வண்டிக்காரர் கேட்டது ஒரே ஒரு விஷயம்: “பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்தணும், சின்ன புல்லி போடுறியா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது தெரியுமா!

பூஸ்ட் என்றால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம். நம்மூர் லாரிகளில் அப்படித் திணிப்பது டர்போ. புகை தள்ளுகிற தள்ளலில் அது சுற்றும், புல்லிக்கு அங்கே வேலையே இல்லை. சூப்பர்சார்ஜர், அதாவது ப்ளோயர், அப்படி இல்லை. இன்ஜினோடு சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து ப்ளோயர் புல்லி. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ப்ளோயர் இத்தனை சுற்று சுற்றியே தீர வேண்டும். அந்த ‘இத்தனை’யைத் தீர்மானிப்பது இரண்டு விட்டங்கள் மட்டுமே. கம்ப்யூட்டர் இல்லை, மந்திரம் இல்லை, இரண்டு வட்டம். காற்று, எரிபொருள், சூடு, சத்தம், வண்டியின் குணம் எல்லாமே அந்த இரண்டு வட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதில் மயங்காதவன் மெக்கானிக்கே இல்லை என்பேன்.

இந்த ப்ளோயரின் பூர்வீகத்தைக் கேட்டால் இன்னும் குஷியாகும். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். 1860-ல் காப்புரிமை வாங்கிய அவர்களுடைய ஊதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பியது. காரும் லாரியும் பிறப்பதற்கு முன்பே பிறந்த சாதனம். பிறகு 1938-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 71 வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களில் அதை வைத்தது. அந்த இன்ஜினுக்கு ப்ளோயர் ஆடம்பரம் இல்லை, மூச்சே அதுதான். புகையைத் துரத்திப் புதுக்காற்றை உள்ளே விட வேறு வழி கிடையாது. லாரி, பஸ், படகு, போர்க்கால டாங்கி என்று அது போகாத இடமில்லை. அதற்கு அப்புறம்தான் கூத்து. ஆறு சிலிண்டர் 6-71 இன்ஜினின் ப்ளோயரைக் கழற்றி, ரேஸ் கார் வி8-களின் தலையில் உட்கார வைத்து, முன்னால் பல் பெல்ட்டும் புல்லியும் மாட்டினார்கள் அமெரிக்கப் பையன்கள். ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம், ஏறக்குறைய 6.7 லிட்டர் காற்றைத் தள்ளும் லாரிச் சாமான்! டீசலில் பற்சக்கரத்தோடு இறுகிக் கிடந்தது, ரேஸில் புல்லிக்கு மாறியதும் விகிதத்தை நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. புல்லி மாற்றும் கலையே அங்கிருந்துதான் தழைத்தது.

சரி, லைட்னிங்குக்கு வருவோம். எம்112 என்றால் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது 1.83 லிட்டர். 5.4 லிட்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தானாக இழுப்பது அதில் பாதி, 2.7 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க கிராங்க் புல்லி 190 மில்லிமீட்டர், ப்ளோயர் புல்லி 90 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.11. இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது ப்ளோயர் தள்ளுவது 3.87 லிட்டர். வாங்குகிறவன் 2.7, கொடுக்கிறவன் 3.87. மிச்சம் எங்கே போகும்? அழுத்தமாகத்தான் மாறும். கசிவையும் சூட்டையும் தள்ளிவைத்துப் பார்த்தால் 1.43 மடங்கு.

இப்போது ப்ளோயர் புல்லியை 90-லிருந்து 80 ஆக்கினால் விகிதம் 2.375. தள்ளுவது 4.36 லிட்டர், 1.61 மடங்கு. வெறும் பத்து மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதற்குள் இன்ஜினின் குணமே வேறு. நான் கணக்குப் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லீவில் ஊருக்கு வந்தேன். தாளும் கூடவே வந்தது. எங்கள் பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை லீவரில் கை வைத்தவர். திண்ணையில் உட்கார்ந்து தாளை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஏன் கண்ணு, ஸ்பீடு கணக்கு போட்டுக்கினே. பெல்ட்டு கணக்கு எங்கே?”

“பெல்ட் ஓடும் பெரியப்பா. அதுக்கென்ன?”

“அதான் கேக்கறேன். இவ்ளோ சின்ன சக்கரத்துல அத வளைச்சா அது தாங்குமா? நாங்க மொதல்ல ரோப்பத்தான் கேப்போம். ரோப்பு சொல்ற சைசுக்குத்தான் சக்கரம்.”

அவர் சொன்னதன் ஆழம் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. உறைத்த பிறகு தூக்கம் போய்விட்டது.

சுரங்கத் தொழிலில் சக்கரத்தின் விட்டத்தை ரோப்பின் தடிமனை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெரிய வைண்டர்களில் பொதுவாக ரோப்பைப்போல் 80-லிருந்து 100 மடங்கு. 38 மில்லிமீட்டர் ரோப்பு என்றால் சக்கரம் 3 மீட்டருக்கு மேல், நூறு மடங்கானால் 3.8 மீட்டர். கீழேயிருந்து பார்க்க வட்டத் தட்டு மாதிரி தெரிகிற சாமான், பக்கத்தில் போனால் இரண்டாள் உயரம்! அவ்வளவு பெரிசு எதற்கு? ரோப்பு என்பது எஃகுக் கம்பிகளின் கூட்டம். வளையும்போது வெளிப்பக்கக் கம்பி இழுபடும், உள்பக்கக் கம்பி நசுங்கும், கம்பியும் கம்பியும் உரசிக்கொள்ளும். சக்கரம் சின்னதாக ஆக, அத்தனையும் கூடும். ஒருமுறை வளைந்ததால் எதுவும் அறுந்துவிடாது. தினமும் ஏறி இறங்கி, வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, உள்ளுக்குள் கம்பி ஒவ்வொன்றாக விட்டுப்போகும்.

அதிலும் எங்கள் ஊர் ஆழம் சாதாரண ஆழமா? கிஃப்போர்டு சாஃப்ட் ஒரே செங்குத்தாக 2,000 மீட்டருக்கு மேல். அந்த நீளத்துக்கு 38 மில்லிமீட்டர் எஃகு ரோப்பைத் தொங்கவிட்டால் ரோப்பின் எடை மட்டுமே 11 டன்னைத் தாண்டும். கேஜ் என்கிற கூண்டும் கல்லும் ஆளும் அதற்கு அப்புறம்தான். ரோப்பு தன்னைத்தானே தூக்கிக்கொள்வதே பெரும்பாடு. ரோப்பைச் சுற்றும் டிரம் 4 மீட்டர் விட்டம் என்றால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை மீட்டர். மேலே வந்து சேர 160 சுற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரோப்பின் நுனியை வெட்டிப் புதிதாக முடிபோடுவார்கள். அந்த வெட்டிய துண்டைப் பிரித்துப் பார்ப்பதை பெரியப்பா சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல ரசித்துச் சொல்வார். உள்கம்பியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, துரு பொடிப்பொடியாக உதிர்கிறதா, கம்பி எங்கே மினுமினுவென்று தேய்ந்திருக்கிறது என்று நாலு தலைகள் குனிந்து பார்க்குமாம்.

இன்னொன்றும் சொன்னார். கோபுரத்து உச்சியில் இருக்கிற சக்கரம் வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வேகமெல்லாம் டிரம்மின் விட்டத்தில். மேலே இருப்பது ரோப்பின் திசையைத் திருப்பி விடுகிற சக்கரம், அவ்வளவுதான். ஆனாலும் அதைச் சின்னதாக வைத்தால் ரோப்பு சாகும். வேலை செய்யாத சக்கரம்தானே என்று யாரும் அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

ஐட்லர்! எனக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் வழியில் இரண்டு மூன்று ஐட்லர் புல்லிகள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சக்தி கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்பதால் அவற்றின் விட்டத்தை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதிலும் பெல்ட்டின் முதுகுப் பக்கம் உருளும் ஐட்லர் என்றால் பெல்ட்டைத் தலைகீழாக வளைக்கிறது. ஒரு பக்கம் வளைந்து, உடனே எதிர்ப்பக்கம் வளைவதைப்போலக் கொடுமை பெல்ட்டுக்கு வேறில்லை.

அன்று ராத்திரி திண்ணையிலேயே பெல்ட் கணக்கைப் போட்டேன். இன்ஜின் 5,500 ஆர்பிஎம் ஓடும்போது 190 மில்லிமீட்டர் கிராங்க் புல்லியின் விளிம்பில் பெல்ட்டின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர். மணிக்கு 197 கிலோமீட்டர்! வண்டி நின்ற இடத்தில் நின்றாலும் பானட்டுக்கு அடியில் பெல்ட் அந்த வேகத்தில் பறக்கிறது. சாம்பியன் ரீஃபின் முழு ஆழம் 3.2 கிலோமீட்டர், அதை இந்த பெல்ட் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். பெரியப்பாவிடம் சொன்னபோது, “அந்த ஸ்பீடுல கேஜ் உட்டா ஆளுங்க உசுரு மேலயே நின்னுடும்” என்று சிரித்தார். பெல்ட்டின் நீளம் 2 மீட்டர் என்றால் அதன் ஒவ்வொரு இடமும் வினாடிக்கு 27 தடவை அந்தச் சின்னப் புல்லியில் வளைந்து நிமிர்கிறது. ஷிப்டு முழுக்க கிஃப்போர்டு ரோப்பு வளைகிற அளவை இது டீ குடிக்கிற நேரத்தில் வளைந்து தள்ளிவிடும்.

அதோடு இழுவையும் இருக்கிறது. காற்றை 1.61 மடங்கு அமுக்க ப்ளோயர் சும்மா சுற்றுமா? 5,500 சுற்றில் அது விழுங்குகிற சக்தி 40 குதிரைக்கும் மேல். ஒரு சின்ன கார் இன்ஜினின் மொத்தச் சக்தியும் கட்டைவிரல் அகல ரப்பர் வழியாகப் போகிறது. பெல்ட்டில் விழும் நிகர இழுவை 60 கிலோவை ஒட்டி வரும். சின்னப் புல்லியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற பரப்பும் குறைவு. பிடி குறைந்து இழுவை கூடினால் வழுக்கும். வழுக்கினால் சூடு, கருப்புத்தூள், ரப்பர் தீய்ந்த நாற்றம். மீட்டரில் பூஸ்ட் 4,000 ஆர்பிஎம் வரை ஏறி, அதற்கு மேல் படுத்துக்கொள்ளும். புல்லி போதவில்லை என்று நினைத்து இன்னும் சின்னதாகப் போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதை.

அப்படியானால் வழி? ப்ளோயர் புல்லி 90 அப்படியே இருக்கட்டும். கிராங்க் புல்லியை 190-லிருந்து 214 ஆக்கு. விகிதம் அதே 2.38! அதே பூஸ்ட், அதே காற்று. ஆனால் பெல்ட் வளைவது 80-ல் இல்லை, 90-ல். பிடிக்கிற பரப்பு கூடுதல். பெல்ட்டின் வேகம் வினாடிக்கு 61 மீட்டரைத் தாண்டுகிறது, அதனால் அதே சக்தியைக் கடத்த இழுவை 50 கிலோ சொச்சம் போதும். விகிதம் ஒன்றுதான், ஆனால் பெல்ட்டுக்கு சொர்க்கமும் நரகமும். சக்கரத்தைப் பெரிசாக்கு என்று திண்ணையில் சொன்ன பெரியப்பாவுக்கு சூப்பர்சார்ஜர் என்றால் என்னவென்றே அன்றைக்குத்தான் தெரியும் என்பதை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது.

இதிலும் இடக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். கிராங்க் புல்லி பெரிதானால், ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் ஏசி கம்ப்ரசரும் அதே விளிம்பில் தொங்கும் வண்டிகளில் அவையும் 12-13 சதவீதம் வேகமாகச் சுற்றும். ப்ளோயருக்குத் தனி பெல்ட், தனி பள்ளம் இருந்தால் இந்தக் கவலை இல்லை. முன்னால் ரேடியேட்டர் ஃபேனுக்கும் புல்லிக்கும் நடுவில் இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும். கிராங்க் நுனியில் அதிர்வை விழுங்கும் டேம்பர் இருக்கும், அதைத் தூக்கியெறிந்துவிட்டு வெறும் அலுமினியத் துண்டை மாட்டுகிறவர்கள் நல்ல கிராங்கைக் கொலை செய்கிறார்கள். ப்ளோயருக்கும் உச்ச வேகம் என்று ஒன்று உண்டு. 2.38 விகிதத்தில், 5,500-க்கு அது 13,000-ஐத் தாண்டுகிறது. தயாரித்தவர்கள் கொடுத்த எல்லைக்குள் வருகிறதா என்று கையேட்டைப் பார்த்த பிறகே புல்லிக்கு ஆர்டர் போட வேண்டும். என்னைக் கேட்டால் புல்லிக் கடைக்காரர் சொல்வதை அதற்கு அப்புறம் கேட்டால் போதும்.

பிறகு சூடு. அமுக்கினால் காற்று சுடும், இதில் தப்பவே முடியாது. ஷார்ஜா வெயிலில் 45 டிகிரியில் உள்ளே போகிற காற்று, 1.43 மடங்கு அமுக்கத்தில் 100 டிகிரியை ஒட்டி வெளியே வரும், 1.61 மடங்கில் 115-ஐ எட்டும். லைட்னிங்கில் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கிறது, நல்லவேளை. அது இல்லாமல் இந்த விளையாட்டே வேண்டாம். சூடான காற்றில் பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்க ஆரம்பித்தால் நாக்கிங், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் தலையில் ஓட்டை. அதனால் புல்லியை மாற்றினால் ட்யூனையும் மாற்ற வேண்டும், 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டும், இன்ஜெக்டர் போதுமா என்று சோதிக்க வேண்டும்.

சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய புல்லரிப்பு நடந்தது. “காத்து அமுக்குனா சுடும்னு எங்களுக்குத் தெரியாதா? கீழ போகப் போக காத்தே கனமாயிடும்ல” என்றார் பெரியப்பா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். மேலே காற்றழுத்தம் 0.91 பார் அளவுதான். எந்த வண்டியும் இங்கே பத்துக்கு ஒரு பங்கு மூச்சுக் குறைவாகத்தான் ஓடும். அங்கிருந்து சாம்பியன் ரீஃபின் அடிமட்டத்துக்கு, 3.2 கிலோமீட்டர் கீழே போனால், காற்றுத் தூணின் எடையே அழுத்தத்தை 1.3 பார் அளவுக்கு ஏற்றிவிடுகிறது. எத்தனை மடங்கு? 1.42! என் தாளில் இருந்த 190-க்கு 90 புல்லி தருகிற அதே 1.43-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! பெல்ட் இல்லை, புல்லி இல்லை, பூமியே ப்ளோயர். நான் திண்ணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

சூடும் அப்படியே பொருந்துகிறது. காய்ந்த காற்று கீழே இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வரை தானாகச் சூடேறும். அதற்கு மேல் பாறையின் சூடு வேறு, அடிமட்டத்தில் 65 டிகிரிக்கும் மேல். அந்தக் கொதிப்பில் மனுஷன் வேலை செய்ய, மேலேயே குளிரூட்டும் ஆலை வைத்துக் காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்பினார்கள். இன்டர்கூலர் இல்லாமல் வேறென்ன? துளை போடும் ட்ரில் முழுக்க அமுக்கிய காற்றில் ஓடியது. சூப்பர்சார்ஜரைப் பற்றிப் படிக்க நான் ஷார்ஜா வரை போனேன், என் தாத்தா அதற்குள்ளேயே இறங்கி வேலை பார்த்திருக்கிறார்.

அந்தக் காற்றில் இறங்கியவர்கள் பட்ட பாட்டையும் நான் மறக்கவில்லை. பாறை வெடிப்பை இங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சாஃப்ட் வாசலுக்கு ஓடிய குடும்பங்கள் எங்கள் குடியிருப்பு லைனிலும் உண்டு. இயந்திரத்தை நான் கொண்டாடும்போது பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுவார், அதற்குக் காரணம் இருக்கிறது.

பெரியப்பாவிடம் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டேன். பெல்ட் வழுக்குகிறதா என்று ஓடும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் யோசிக்கவே இல்லை. டிரம்மில் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருப்பார்களாம். கேஜ் எந்த லெவலில் நிற்கிறது என்று காட்டும் கருவி தனியாக இருந்தாலும், டிரைவர் கண் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும். கோடு வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் எங்கேயோ ஏதோ நகர்ந்திருக்கிறது. “நம்ம கண்ணால பாத்ததத்தான் நம்பணும் கண்ணு, முள்ளு பொய் சொல்லும்.”

ஷார்ஜா திரும்பியதும் 214 கிராங்க் புல்லி கேட்டு ஆர்டர் போட்டேன், டேம்பரோடு. அது வந்த அன்று பெட்டியைப் பிரித்த சுகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடைந்த அலுமினியத்தில் எட்டு பள்ளங்கள், ஒவ்வொன்றின் சரிவும் கண்ணாடி மாதிரி. நகத்தை வைத்து ஓட்டினால் எங்கேயும் பிசிறு தட்டாது. நேர்க்கோட்டுச் சட்டத்தை கிராங்க் புல்லி முகத்திலிருந்து ப்ளோயர் புல்லி முகம்வரை வைத்துப் பார்த்தேன். கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது, மெல்லிய வாஷர் கொடுத்துச் சரிசெய்தேன். முதுகுப் பக்க ஐட்லரையும் பெரிதாக மாற்றிவிட்டேன். வண்டிக்காரர் “இது எதுக்கு? சும்மா சுத்துறதுதானே?” என்றார். கோபுரத்துச் சக்கரத்தின் கதையை அவருக்கு முழுவதும் சொன்னேன், பாவம் நின்று கேட்டார்.

அப்புறம் சுண்ணக்கட்டி. பெல்ட்டைப் பூட்டியதும் பெல்ட்டின் குறுக்கே ஒரு கோடு, அதே நேரில் ப்ளோயர் புல்லி முகத்தில் ஒரு கோடு, கிராங்க் புல்லியில் ஒரு கோடு. கையால் சுற்றி, மூன்று கோடும் மறுபடி ஒன்றாகச் சேர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஓடும்போது இரண்டு புல்லியின் சுற்றையும் ஒளி டேக்கோமீட்டரால் படித்து வகுத்துப் பார்த்தேன். 2.38-க்குப் பக்கத்திலேயே நின்றது. 5,000-க்கு மேலே போனாலும் மசியவில்லை. கருப்புத்தூள் இல்லை, கிரீச் சத்தம் இல்லை.

ஓட்டிப் பார்த்ததை எப்படிச் சொல்ல? டர்போ வண்டியில் மிதித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இதில் மிதித்த நொடியே முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது. 2,000 சுற்றிலேயே பூஸ்ட் நிற்கிறது, படகு இழுத்துப் போகிற பிக்கப்புக்கு வேண்டியது அதுதான். அந்த ஊளை இருக்கிறதே, இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி எழுப்புகிற அந்த ராகம், அதற்காகவே ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டலாம். அதற்கப்புறம் வந்த ராம் டிஆர்எக்ஸ் பிக்கப்பின் 6.2 லிட்டர் இன்ஜினில் 702 குதிரை, தலையில் ட்வின்-ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர். அதன் வம்சம் வேறு: 1930-களில் ஸ்வீடன் பொறியாளர் லீஸ்ஹோல்ம் உருவாக்கியது. காற்றை உள்ளுக்குள்ளேயே அமுக்கிக் கொடுப்பதால் சூடு குறைவு. திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகளின் கம்ப்ரசரில் சுற்றுவதும் இதே ஸ்க்ரூ ஜாதிதான் என்று சொன்னால் டிஆர்எக்ஸ்காரர்கள் முறைக்கிறார்கள், எனக்கென்ன.

வீடியோ எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பெல்ட் ஓடுவதை மட்டும் நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்ததாகப் பெரியம்மா சொன்னார். போனில் வந்தவர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“பெல்ட்டு நல்லா நிக்குது. லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?”

“அஞ்சு வந்தா பெரிசு பெரியப்பா.”

“அஞ்சா? அப்ப பெரிய டாங்க்கா ஒண்ணு வைக்கச் சொல்லு” என்றார். ஐட்லரின் பேரிங்குக்கு என்ன கிரீஸ் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.